போத்தலுக்குள் இருந்த சாட்சிகள்

ஆறாம் நம்பர் மலையின் மகாராணியும், கொட்டகலை தொடங்கிக் கொழும்புக் கடற்கரை வரைக்கும் உள்ள அத்தனை கங்காணிமாரின் தூக்கத்தையும் கெடுத்தவளும், என்னோடு ஒரே வயிற்றில் பிறந்த பாவத்தைத் தவிர வேறு பாவம் அறியாதவளுமான என் அக்கா மருதாயிக்கு,

நீ போய் இரண்டு வருஷம் முடிகிறது. அங்கே உனக்கு லயத்து வரிசை வீட்டில் காம்பரா கிடைத்ததா, கூரை ஒழுகுகிறதா, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குத் தப்பு அடித்து எழுப்புகிறார்களா, ஒரு தகவலும் இல்லை. நீ தகவல் அனுப்புகிற ஆளும் இல்லை. ஆகவே நானே எழுதுகிறேன். நம் தொழிற்சங்கப் பத்திரிகையில் போடுவதாக ஆசிரியர் வாக்குக் கொடுத்திருக்கிறார். பாதியை வெட்டிவிட்டு மீதியைத் திருத்துவார் என்று எனக்குச் சந்தேகம். இதில் எங்கேயாவது நான் அடக்கமாகப் பேசியிருந்தால் அது அவர் கைவேலை என்று வைத்துக்கொள்.

முதலில் செய்தி. ஆறாம் நம்பர் மலை பீடிக் கடை மாதிரி ஆகிவிட்டது. சுருட்டுப் புழு திரும்பி வந்துவிட்டது, அக்கா. இரண்டு இலையை நூல் விட்டுத் தைத்துக்கொண்டு, உள்ளே ஜமீன்தார் மாதிரி உட்கார்ந்து, கொழுந்தைக் கடிக்கிறது. ஒரு தேயிலைச் செடியில் ஆயிரம் சுருட்டு. மலையடியில் நின்று காது கொடுத்தால் மெல்லுகிற சத்தம் கேட்கிறது. போன வாரம் ஒரு புழு என் முகத்துக்கு நேரே ஏப்பம் விட்டது. சத்தியமாக.

புழு வந்த அன்றைக்கே எனக்கு உன் மேல்தான் சந்தேகம் வந்தது. நீதான் மேலே இருந்து அனுப்புகிறாயோ என்று நினைத்தேன். ஏன் என்றால், நீ என்னைக் கடைசியாகப் பார்த்த பார்வை எனக்கு மறக்கவில்லை. பாசமாகப் பார்த்தாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பார்வை மேல் சந்தேகம். அதற்கு வருகிறேன்.

உன் மகள் பாக்கியத்துக்கு நடந்ததைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். படிக்கிற மற்றவர்களுக்காகப் பழையதையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. உனக்குத் தெரிந்த கதைதான். நான் எங்கே பொய் சொல்கிறேன் என்று பார்த்துக்கொண்டிரு.

நம்மை எல்லாம் இந்த நாட்டு ஆளே இல்லை என்று சட்டம் போட்டார்களே, அந்தக் காலம். ஓட்டுப் போனது, கடதாசி கேட்டார்கள், எந்தக் கப்பலில் ஏற்றுவார்கள் என்று லயம் முழுக்கப் பேச்சு. அந்த நேரம் பார்த்துத் தோட்டத்துக்கு ஒரு மரப்பெட்டி வந்தது. கூடவே யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர், அட்டைக்குப் பயந்து முழங்கால் வரை காலுறை மாட்டிக்கொண்டு. பூச்சி ஐயா என்று அன்றைக்கே பேர் வைத்துவிட்டோம். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நம்மைக் கூட்டி, வலை அடித்த அந்தப் பெட்டியை மேசை மேல் வைத்தார்.

"இதுக்குள்ள இருக்கிறது ஒரு சாதிக் குளவி" என்றார்.

அவ்வளவுதான். மடுவத்தில் பாதிப் பேர் வெளியே. கொழுந்தெடுக்கிற பொம்பளைகளிடம் அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. செடிக்குள் கை விட்டு, கூடு கலைந்து, சரிவில் ஓட வழியில்லாமல் விழுந்தவர்களை நாம் கம்பளியில் கட்டித் தூக்கி வந்திருக்கிறோம். அதைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து விடப்போகிறேன் என்கிறான் ஒரு மனுஷன்!

"பயப்பிடாதேங்கோ. இது சின்னச் சாமான். உங்களைக் கொட்டாது. சுருட்டுப் புழுவுக்கை முட்டை போடும். குஞ்சுகள் புழுவை உள்ளாலை தின்று போட்டு வெளியிலை வரும்."

"உள்ளால தின்னுமா?" என்று நான்தான் கேட்டேன். "அப்ப நம்ம வயித்துக்குள்ளயும் போடுமா, ஐயா?"

அவர் பதில் சொல்வதற்குள் நீ முன்னால் போனாய். "வயித்துக்குள்ள ஒன்னுமே இல்லாத நமக்குள்ள வந்து அது என்னத்தடா தின்னும்?" என்று கேட்டுக்கொண்டே பெட்டிக்குள் கையை விட்டாய். மஞ்சளும் பழுப்புமாய், கொசுவுக்குக் கொஞ்சம் அண்ணன் மாதிரி, மெல்லிசாய் ஒன்று உன் விரலில் ஏறி நின்றது. மீசையை ஆட்டியது. பறந்துவிட்டது.

அன்றைக்கு நீ பெரிய ஆளாகிவிட்டாய். எனக்கு அது பொறுக்கவில்லை. மறுநாள் லயத்தில் ஒரு கதையை அவிழ்த்து விட்டேன்: இது லண்டனில் பழக்கிய பூச்சி, பிரஜாவுரிமைக் கடதாசி உள்ளவனை மோந்து பார்த்து விட்டுவிடும், இல்லாதவனைத் தலைமன்னார் வரைக்கும் துரத்திக்கொண்டு போய்க் கப்பலில் ஏற்றிவிட்டுத்தான் திரும்பும். சிரிக்கத்தான் சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. இரண்டு நாள் ஆறாம் நம்பர் மலைக்குப் பாதிப் பேர் போகவில்லை. மூன்றாம் நாள் எனக்கே பயம் வந்து, கதவுச் சந்தில் சாக்கைத் திணித்துவிட்டுப் படுத்தேன். என் வாயில் பிறந்தது எனக்கே எமனாக வந்து நிற்பது அது முதல் தடவை.

பூச்சி ஐயா உனக்கு மட்டும் ஒரு வித்தை சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். சுருண்ட இலையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உள்ளே பச்சைப் புழு உயிரோடு நெளிந்தால் பைக்குள் போடு, மற்றதோடு சேர்த்து எரிக்கலாம். புழுவின் வெறும் தோல் சுருங்கிக் கிடந்து, பக்கத்தில் சோற்றுப் பருக்கையை ஒட்டி வைத்த மாதிரி பழுப்புக் கூடுகள் கொத்தாக இருந்தால் அதைத் தொடாதே. அதுக்குள்ளே இருப்பது குளவிக் குஞ்சுகள்.

கங்காணிக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. சுருண்ட இலை என்றால் சுருண்ட இலை. எல்லாவற்றையும் பிடுங்கு, பையை நிரப்பு, மடுவத்துக்குப் பின்னால் நெருப்பில் போடு. பை நிரம்பாதவளுக்குத் திட்டு. ஆகவே நீ என்ன செய்தாய்? கூடு இருந்த இலைகளை இடுப்பில் கட்டிய சாக்குப் படங்குக்குள் செருகிக்கொண்டு, நிரை முடிந்து திரும்பும்போது மழைத்தண்ணி வடிகிற கானோரத்துச் செடிகளில் ஒவ்வொன்றாகச் செருகிவிட்டு வந்தாய். வருஷக்கணக்கில்.

நான் முதல் முதல் பார்த்த நாளில் செடி மறைவில் குந்திவிட்டேன். அக்கா தோட்டத்துக்குப் புழு வைக்கிறாள்! கங்காணிமாருக்கு மேலதிகாரியான கண்டாக்கையா மேல் இருக்கிற கோபத்தை மலை மேல் காட்டுகிறாள்! ஒரு வாரம் உன் பின்னாலேயே உளவு பார்த்தேன். கடைசியில் நீதான் என்னைப் பிடித்தாய்.

"என்னக்கா இது?"

"நம்ம ஆளுங்கடா."

"நம்ம ஆளுன்னா? சங்கத்துக்குச் சந்தா கட்டினவங்களா?"

"போடா. இதுங்க இருக்கிற வரைக்கும் அதுங்க தலையெடுக்காது. பார்த்துட்டே இரு."

பார்த்தேன். புழு குறைந்தது. வருஷா வருஷம் குறைந்தது. மழை நல்ல மழை என்றேன். மாரியம்மன் பூசைக்கு நான் பாடிய பாட்டு என்றேன். உன் பூச்சிகளுக்கு மட்டும் அந்த நல்ல பேரைக் கொடுக்கவில்லை. நல்லவன் மாதிரி நடிக்கிற சாதியோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது.

பிறகு பீப்பாய் வந்தது. புழுவுக்கு இல்லை, தண்டைத் துளைக்கிற வண்டுக்கு. புது மருந்து. அடிக்கிற ஆட்களில் என்னையும் எடுத்தார்கள். முதுகில் டாங்கி, கையில் குழல், மூக்கில் துணி. அருச்சுனன் அம்பறாத் தூணியோடு நின்றதும் அப்படித்தான் இருந்திருக்கும். நான் வந்தால் பொம்பளைகள் ஒதுங்கி வழி விட்டார்கள். வாசனை தாங்காமல் என்று நீ சொன்னாய். மரியாதை என்று நான் சொன்னேன்.

"அந்த மருந்துக்கு வண்டு எது, நம்ம ஆளு எதுன்னு தெரியுமாடா?" என்று கேட்டாய். தெரியாது என்று எனக்கும் தெரியும். கடைசியில் நீ ஒரே ஒரு விஷயம் கேட்டாய். கானோரத்து நாலு நிரையை மட்டும் விட்டுவிடு, அதுங்க ஒதுங்க ஒரு இடம் வேணும். உன் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினேன்.

அந்த மழைக்காலம் உனக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, மூச்சு விடவே முடியாத நேரத்தில், புருஷனைக் கேட்கவில்லை, பாக்கியத்தைக் கேட்கவில்லை. "டேய், அந்த நாலு நிரை எப்படி இருக்கு?" என்று கேட்டாய்.

"ஜோரா இருக்குக்கா! பட்டாளம் பட்டாளமாப் பறக்குதுங்க. மேகம் மாதிரி. வெயில் கீழ எறங்க மாட்டேங்குது."

சரிடா என்று தலையை ஆட்டிவிட்டு, அப்போது பார்த்தாய் ஒரு பார்வை.

இனி, பாக்கியத்தின் கதை.

புழு திரும்பி வந்ததும் புதுத் துரை மருந்தைக் கூட்டினார். கூட்டக் கூட்டப் புழுவும் கூடியது. மருந்து தோற்றது என்று எழுதி மேலே அனுப்ப எந்தத் துரைக்குக் கை வரும்? யாரோ வேண்டுமென்றே புழு வைக்கிறார்கள் என்று ஒரு பேச்சு ஆபீசில் பிறந்து, மலைக்கு இறங்கி வந்தது. ரெங்கன் கங்காணி பொம்பளைகளின் படங்கைத் தட்டிப் பார்த்துத்தான் நிரைக்கு விட ஆரம்பித்தார். அடுத்தவன் சோற்றுத் தூக்கைத் திறந்து பார்க்கிற அளவுக்கு லயம் முழுக்கச் சந்தேகம். நானும் திறந்து பார்த்தேன். ரொட்டியும் சம்பலும்தான் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை பாக்கியத்தின் படங்குக்குள் கங்காணி கை விட்டார். சுருண்ட இலைகள். ஒரு பிடி.

"என்னாடி இது? புழுவைக் கொண்டாந்து நடுறியா?"

"புழு இல்லைங்க. கூடு. எங்கம்மா வைக்கிறதுதான்."

"ஓ, தாயும் மகளும் பரம்பரையா வைக்கிறீங்களா!"

கூடையோடு ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போனார். பக்கத்துத் தோட்டத்தில் இன்னும் மருந்து அடிக்காத பழைய மலை ஒன்று இருக்கிறது. அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் விறகுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அங்கே போய், கூடு கட்டிய இலைகளைத் தேடி எடுத்து வந்து, உன் கானோரத்துச் செடிகளில் வைத்திருக்கிறாள். உன் நாலு நிரையில் ஒன்றும் மிச்சமில்லை என்று அவள்தான் முதலில் கண்டுபிடித்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் மேகம் மாதிரி பறக்குது என்றுதான் சொல்லியிருப்பேன்.

பத்துச்சீட்டு என்றார் துரை. தோட்டத்தை விட்டுப் போ என்று எழுதிக் கொடுக்கிற அந்தத் துண்டுக் கடதாசிக்கு நம் ஆட்களுக்கு வேறு பேர் தேவையில்லை. அவளுக்குச் சீட்டு என்றால் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை செய்கிற அவள் புருஷனும் போக வேண்டும், காம்பராவும் போய்விடும். பிரஜாவுரிமை மனு இன்னும் பதில் வராமல் கிடக்கிறது. இரண்டு பிள்ளைகளோடு எங்கே போவாள்? எந்தத் தோட்டம் எடுக்கும், தேயிலைக்குப் புழு வைத்தவள் என்று பேர் வாங்கியவளை? வெள்ளிக்கிழமை விசாரணை என்று சொல்லிவிட்டார்கள்.

எவன் காட்டிக் கொடுத்தான் என்று நான் துப்புத் துலக்கக் கிளம்பினேன். பக்கத்துக் காம்பராக்காரன் மேல் சந்தேகப்பட்டு இரண்டு நாள் பேசவில்லை. பால்காரன் மேல் சந்தேகப்பட்டு வெறும் தேத்தண்ணி குடித்தேன். பாக்கியத்தின் புருஷன் என்னைப் பார்த்துச் சிரித்தான், அவன் மேலும் சந்தேகம். நடுவில் ஒரு பொழுது உன் குளவிகளே வரிசையாகப் போய் ஆபீசில் ரிப்போட் கொடுத்திருக்குமோ என்று கூட யோசித்தேன். கடைசியில் ரெங்கன் கங்காணியையே வழியில் மறித்தேன்.

"கங்காணியாரே, ஒரு ஆம்பளையா நின்னு சொல்லுங்க. உங்களுக்கு இதைச் சொன்னது யாரு?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னய்யா, கேலியா? கொட்டகலைக் கடையில அத்தனை பேரு முன்னால நீதானே சொன்ன? 'எங்க பாக்கியம் விசில் அடிச்சா பத்தாயிரம் பூச்சி வந்து லைனா நிக்கும், அவ நெனச்சா ஒரே ராத்திரியில மலையையே தின்ன வச்சிருவா'ன்னு."

சொல்லியிருக்கிறேன், அக்கா. அவள் எங்கேயோ போய் இலை பொறுக்குவதை ஒரு ஞாயிறு பார்த்துவிட்டேன். விஷயம் முழுசாகத் தெரியாது. தெரியாததைப் பெரிசாக்குவது எனக்குக் கைவந்த கலை. இரண்டு வடை, ஒரு தேத்தண்ணி, சுற்றிலும் பத்துப் பேர் சிரிப்பு. அதற்கு உன் மகளின் காம்பராவை விலையாகக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் முன்னால் நின்றோம். துரை நாற்காலியில், பக்கத்தில் கண்டாக்கையா, இந்தப் பக்கம் கங்காணி. பாக்கியம் கூடையை இறக்கவே இல்லை. முதுகில் கூடையோடு நின்றாள்.

நான் முன்னால் போனேன். "தொரைங்களே, அது புழு இல்லைங்க. புழுவைத் தின்னுற குளவியோட கூடுங்க."

கங்காணி குறுக்கே விழுந்தார். "இந்தாளு பேச்சைக் கேக்காதீங்க தொரை. போன மாசம் ஒரு அட்டை பசு மாட்டை இழுத்துட்டுப் போச்சுன்னு சொன்ன ஆளு!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கன்றுக்குட்டிதான் என்று திருத்த எனக்கு வாய் வரை வந்தது. பல்லைக் கடித்து அடக்கினேன். அந்த நிமிஷம் எனக்கு ஒன்று தெரிந்தது. இந்த மலையில் நான் மெய் சொன்னாலும் அது மெய் மாதிரி கேட்காது. இத்தனை வருஷம் பாடுபட்டுச் சம்பாதித்த பேர் அது.

துரை கேட்டார். "குளவி முந்தி இருந்தா, இப்ப எங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாக்கியமும் பார்த்தாள். உனக்குச் சொல்லாததை அங்கே சொன்னேன், அக்கா.

"நான்தான் கொன்னேங்க. எங்கக்கா நாலு நிரையை விடச் சொன்னா. சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். அன்னிக்கு டாங்கியில மருந்து மீதி இருந்துச்சு. சொமந்துக்கிட்டு மேல ஏறணும். கால் வலிச்சுச்சு. அடிச்சுட்டேன். அதுக்கப்புறம் அங்க ஒரு குளவியும் நான் பார்க்கல. சாகக் கெடந்தவகிட்ட இருக்குன்னு பொய் சொன்னேன்."

அட்டை இல்லை, பட்டாளம் இல்லை, மேகம் இல்லை. என் வாழ்நாளில் நான் பேசிய மிகச் சின்னப் பேச்சு அதுதான். சிரிப்பு நின்றுவிட்டது. பாக்கியம் என் முகத்தை விட்டுப் பார்வையை எடுத்துத் தரையில் வைத்தாள். இந்த இடத்தை ஆசிரியர் வெட்டக் கூடாது.

அவளே பேசினாள். "தொரைங்களே, மாமா சொல்றதை நம்ப வேணாம். என்னையும் நம்ப வேணாம். என்கிட்ட எடுத்த இலை உங்ககிட்டத்தான் இருக்கு. ஒரு போத்தல்ல போட்டு, வாயில துணி கட்டி, நீங்களே வைங்க. புழுவுல இருந்து பழுப்பு விட்டில் வந்தா நானே சீட்டை வாங்கிட்டுப் போறேன். குளவி வந்தா என்னைய வேலை செய்ய விடுங்க."

துரை கண்டாக்கையாவைப் பார்த்தார். கண்டாக்கையா மேசையைப் பார்த்தார். பிறகு ஒரு ஜாம் போத்தல் வந்தது. இலைகளைப் போட்டு, துணி கட்டி, முடிச்சின் மேல் அரக்கு வைத்து, ஆபீஸ் ஜன்னல் ஓரத்தில் வைத்தார்கள்.

அந்த ஒன்பது நாளும் நான் பட்ட சந்தேகத்தைச் சாக்கில் கட்டினால் ரயிலில் ஏற்ற முடியாது. வெயில் பட்டால் குஞ்சு வெந்துவிடுமோ? வெயில் படவில்லை என்றால் குளிரில் விறைத்துவிடுமோ? கிளாக்கர் ஏன் அந்தப் பக்கம் போய்க் கொட்டாவி விடுகிறார்? கங்காணி எதற்கு இரண்டு தரம் பென்சில் கேட்டு வந்தார்? அரக்கு நேற்றுப் பார்த்த நிறத்தில் இருக்கிறதா? மருந்துக் குழல் பழுது, மூக்குத் துணி கிழிந்தது என்று ஏதாவது சாக்குச் சொல்லி ஒரு நாளைக்கு நாலு தரம் ஆபீசுக்குப் போனேன். உன் பூச்சிகள் மேல் கூடத்தான் சந்தேகம். இத்தனை வருஷம் அவர்களைப் பற்றி நான் பேசிய பேச்சுக்கு, வேண்டுமென்றே வெளியே வராமல் உட்கார்ந்திருந்தால்?

ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தோட்டத்து மலைக்குப் போய், பொழுது பூரா வலை வீசி, குளவி நாலைந்தை நெருப்புப் பெட்டிக்குள் பிடித்துவிட்டேன். துணியில் ஒரு சின்ன ஓட்டை போதும். உள்ளே தட்டிவிட்டால் தீர்ந்தது. திரும்பி வரும்போது லயத்துக் குழாயடியில் பாக்கியம் என் சட்டைப் பையைப் பார்த்துவிட்டாள்.

"மாமா, பைக்குள்ள என்ன?"

"பீடி பத்த வைக்க நெருப்புப் பெட்டி."

"குடுங்க."

வாங்கித் திறந்தாள். குளவிகள் ஒவ்வொன்றாக எழும்பிப் போயின. வெறும் பெட்டியை என் கையில் திருப்பி வைத்தாள். "நீங்க உள்ள போட்டு நான் தப்பிச்சா, நாளைக்கு எங்கம்மா செஞ்சதும் பொய்யின்னு ஆயிரும்" என்றாள். நீ பேசுகிற மாதிரியே இருந்தது. திரும்பிப் பார்க்காமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

எட்டாம் நாள் காலை கங்காணி ஆபீஸ் வாசலில் நின்று கத்துகிறார். "வந்துருச்சு! வந்துருச்சு! சொன்னேனே!" ஓடினோம். போத்தலுக்குள் பழுப்பு விட்டில் ஒன்று. சுருட்டுப் புழுவின் தாய்தகப்பன் அதுதான். சிறகை அடித்துக்கொண்டு கண்ணாடியைச் சுற்றுகிறது. பாக்கியத்தின் புருஷன் அப்போதே காம்பராவுக்குப் போய்ச் சாமான் கட்ட ஆரம்பித்துவிட்டான்.

துரை உடனே முடித்துவிடவில்லை. அது மட்டும் அவர் செய்த புண்ணியம். "மிச்ச இலை இருக்கு. பாப்போம்" என்றார்.

ஒன்பதாம் நாள் பெரட்டு முடிந்து ஆபீசைத் திறந்தார்கள். துணியின் அடிப்பக்கம் முழுக்க மஞ்சளும் பழுப்புமாய் ஒட்டிக்கொண்டு மீசை ஆட்டுகிறார்கள் உன் ஆட்கள். எத்தனை என்று நான் சொல்லப்போவதில்லை. எண்ணினேன், தப்பிப் போனது. ஒரே கொத்துக் கூட்டிலிருந்து வந்தவர்கள் அவ்வளவு பேர். துரை போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"ஆனா ஒரு விட்டில் வந்துச்சே, தொரை" என்றார் கங்காணி.

"அது என் தப்புங்க" என்றாள் பாக்கியம். "ஒரு இலையைச் சரியாப் பிரிச்சுப் பார்க்கல."

சீட்டு இல்லை என்று சொல்லிவிட்டார் துரை. அந்த ஒரு விட்டிலுக்கு அரை நாள் சம்பளம் போகப் பேர் வெட்டினார், அது வேறு. மன்னிப்பு என்ற சொல் துரைமார் படிக்கிற புத்தகத்தில் இல்லை போலிருக்கிறது. அடுத்த தடவை செடியைக் கவ்வாத்து வெட்டுகிற வரைக்கும் கானோரத்து நாலு நிரைக்கு மருந்து வேண்டாம் என்று கண்டாக்கையாவிடம் சொன்னார். மற்ற மலைக்கு அடிக்கத்தான் செய்கிறார்கள். நாலு நிரையை விட்டு மலை பூராவும் அடித்தால் அதுங்க தாங்குமா என்று பாக்கியம் கேட்டாள். பார்ப்போம் என்றார்கள். அந்த "பார்ப்போம்" மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. உனக்கும் இருக்கும்.

நான் டாங்கியை ஸ்டோரில் இறக்கி வைத்துவிட்டேன். மண்ணைக் கிளறி முள்ளுக் குத்துகிற வேலைக்கு வந்துவிட்டேன். இந்த வயதில் முதுகு ஒடிகிறது. எவ்வளவு ஒடிகிறது என்று வர்ணிக்க ஆசைதான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டாக்கையா எழுதிக் கொடுத்த துண்டோடு, பாக்கியமும் நானும் பக்கத்துத் தோட்டத்து மலைக்குப் போகிறோம். நான் ஒரு நிரை, அவள் ஒரு நிரை. இலையைப் பிரித்து, கூடு இருந்தால் பையில் போட்டுக்கொள்கிறேன். நிரை முடிந்ததும் அவள் வந்து என் பையைக் கீழே கவிழ்த்து, நான் எடுத்த ஒவ்வொரு இலையையும் மறுபடி பிரித்துப் பார்க்கிறாள். முதல் நாள் கேட்டேன்.

"மாமாவை நம்பலையா?"

"இல்லை மாமா" என்றாள். கோபமே இல்லை. மழை வருது மாமா என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. அவள் பார்த்து முடிக்கும் வரை பக்கத்தில் குந்தியிருக்கிறேன். ஒரு தடவை என் பையில் உயிருள்ள புழு இருந்த இலை ஒன்று அகப்பட்டது. என் முன்னாலேயே நசுக்கிப் போட்டாள். அடுத்த இலையை எடுத்தாள். நீயாக இருந்தால் நாலு வார்த்தை திட்டியிருப்பாய். எனக்கு அது எவ்வளவோ தேவலை.

உன்னைக் கேட்க ஒன்று இருக்கிறது, அக்கா. ஆஸ்பத்திரியில் அன்றைக்கு உனக்குத் தெரியுமா? தெரிந்துகொண்டுதான் சரிடா என்று தலையை ஆட்டினாயா? தெரிந்தே போனாய் என்றால் அது எனக்குப் பெரிய தண்டனை. தெரியாமல் போனாய் என்றால் அது அதைவிடப் பெரிசு. எது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடியவில்லை.

சத்தியம் பண்ணுகிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆகவே வாக்கு மட்டும் கொடுக்கிறேன். அந்த நாலு நிரையில் இனி என் கையால் ஒரு சொட்டு விழாது, அடுத்தவன் கையால் விழுந்தால் குறுக்கே நிற்பேன். உனக்குச் சொல்கிற செய்தியை அளந்து சொல்வேன்.

இன்று காலை போய்ப் பார்த்தேன். சுருண்ட இலை நிறையத்தான் இருக்கிறது. நிரை நிரையாக ஒவ்வொரு செடியாகப் பிரித்துப் பார்த்தேன். நாம் கொண்டுவந்து வைக்காமல், அங்கேயே தானாகக் கட்டின கூடு மூன்று இலையில் இருக்கிறது.

மூன்றுதான், அக்கா. பாக்கியமும் பார்த்துவிட்டாள்.

உன் கூடப் பிறந்த தம்பி,
பாக்கியத்தின் மாமன்,
சின்னச்சாமி